குட்டி ரோடோடென்ட்ரான்: அசேலியாவா, யாகுவா, ராமாபோவா?

மே மாதம் லண்டனில் நர்சரிப் பக்கம் போனால் நான் ஏமாறாமல் திரும்புவதில்லை. இலையே தெரியாமல் பூத்து நின்றது என்று ஹினோமாயோ அசேலியா ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தேன். மூன்று வாரம் கண்கொள்ளாக் காட்சி. அப்புறம்? பொடிப்பொடி இலைகள், குளிர் கடுத்தால் அதிலும் நிறைய கொட்டிவிடும். (அசேலியாவும் ரோடோடென்ட்ரான் என்ற பூச்செடி இனம்தான். மகரந்தக் காம்புகளை எண்ணிப் பாருங்கள்: அசேலியாவில் பெரும்பாலும் 5, மற்றவற்றில் 10 அல்லது கூடுதல்.)

ஆகவே மீதி 49 வாரத்தையும் பார்த்து வாங்கவேண்டும். அதில் என் ஓட்டு யாகுஷிமானம் என்ற ரோடோடென்ட்ரானுக்கு, சுருக்கமாக யாகு. ஜப்பானின் யாகுஷிமா தீவில், மழையும் காற்றும் ஓயாத மலையுச்சியில் குட்டையாகப் படர்வது. 1934இல் கோய்ச்சிரோ வாடா என்ற நர்சரிக்காரர் இங்கிலாந்தின் எக்ஸ்பரி தோட்டத்துக்கு இரண்டு செடி அனுப்பினார். 1947இல் லண்டன் செல்சி மலர்க் கண்காட்சியில் அதற்கு முதல்தரச் சான்றிதழ் கிடைத்தது. ரோஜா நிற மொட்டு விரிய விரிய வெளுத்துக்கொண்டே போகும். அதைவிட அழகு துளிர்: விபூதி பூசியதுபோல் வெள்ளை. இலையைத் திருப்பினால் அடியில் பழுப்பு வெல்வெட். கலப்பினங்களில் இந்த வெல்வெட் குறையும், அதனால் வாங்கும்போதே இலையைத் திருப்பிப் பார்த்துவிடுங்கள்.

ராமாபோ அமெரிக்கக் கலப்பினம். ஊதா நீலப் பூ, முழங்கால் உயரம், கடுங்குளிருக்கு அசையாது. ஆனால் நல்ல வெளிச்சம் கேட்கும். என் கொல்லை வடக்குப் பார்த்தது, வெயில் குறைவு, அதனால் வேண்டாமென்று விட்டேன்.

ஊட்டியில் மரமாக நிற்கும் காட்டுப்பூவரசும் இதே இனம்தான். அதைப் பார்த்த கண்ணுக்கு இவை மூன்றும் பொம்மைதான்.

மண் விஷயத்தில் மூன்றுக்கும் ஒரே பிடிவாதம்: புளிப்பு மண் வேண்டும், பி.எச். 5 முதல் 6க்குள். உங்கள் கெட்டிலின் அடியில் வெள்ளைப் பொருக்கு படிகிறதா? அது சுண்ணாம்பு. அந்தத் தண்ணீர் ஆகாது, மழைநீர்தான் ஊற்றவேண்டும். குழாய்த்தண்ணீரே குடித்து வளர்ந்த என் அசேலியாவின் இலை இரண்டாம் வருடம் நரம்பு மட்டும் பச்சையாக, மற்றதெல்லாம் மஞ்சளாகிவிட்டது. சுண்ணாம்பு மண்ணோடு மல்லுக்கட்டுவதைவிட, ஆழம் குறைந்த அகலத் தொட்டியும் எரிகேஷியஸ் கம்போஸ்ட்டும் (புளிப்பு மண் கேட்கும் செடிகளுக்கான தொட்டிமண்) மேல். வேர் மேலாகவே ஓடும், ஆழப் புதைத்தால் மூச்சு முட்டும். வேர்க்கட்டியின் மேல்மட்டமும் மண்மட்டமும் ஒன்றாக இருக்கட்டும். மேலே பைன் மரப்பட்டையைப் பரப்புங்கள், கொத்திக் கிளறாதீர்கள். இலையும் பூவும் விஷம், நாய் வளர்ப்பவர்கள் கவனம்.

அடுத்த வருட மொட்டு கோடைக் கடைசியில்தான் கட்டும். அப்போது காயவிட்டால் வசந்தத்தில் பூ இருக்காது. மழைநீர்ப் பீப்பாய் வற்றுவதும் சரியாக அந்த ஆகஸ்டில்தான். சரி, வேறு வழியில்லை, அந்தச் சில வாரம் குழாய்த்தண்ணீரையே ஊற்றுங்கள். காயவிடுவதற்கு அது தேவலை.