கொத்தாத பீமுக்குக் கூலி கொடுத்த கதை

பூச்சு வேலைக்கு இன்னும் ஆள் இறக்காதவர்கள் இதைப் படித்துவிட்டு ஆரம்பியுங்கள். நான் ஏமாந்தது பூச்சில் இல்லை, அதற்கு முந்தைய இரண்டு நாளில்.

குடிவந்து எட்டு மாதம் இருக்கும். ஒரு மத்தியானம் ஹால் பீமின் அடியிலிருந்து முறம் அகலத்துக்கு ஒரு பூச்சுத் துண்டு பெயர்ந்து சோபா மேல் விழுந்தது. நல்லவேளை, யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. எடுத்துத் திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் கண்ணாடி மாதிரி வழவழவென்று இருக்கிறது. கான்கிரீட் ஊற்ற அச்சாக அடிக்கிற சென்ட்ரிங் பலகையின் மர ரேகைகூட அதில் அச்சாகப் பதிந்திருந்தது. அண்ணாந்து பார்த்தேன். கான்கிரீட்டில் ஓர் உளி பட்ட தடம் கிடையாது.

ஒப்பந்தக்காரர் கொடுத்த பில்லை எடுத்தேன். 'கான்கிரீட் கொத்திவிடுதல்', 'வலை அடித்தல்' என்று இரண்டு வரி தனித்தனியாக இருக்கிறது. இரண்டுக்கும் முழுப் பணமும் கொடுத்தாயிற்று.

பலகையில் கான்கிரீட் ஒட்டாமலிருக்க எண்ணெய் தடவித்தான் சென்ட்ரிங் அடிப்பார்கள். பலகையைப் பிரித்த பிறகும் அந்த எண்ணெய்ப் பிசுக்கு பீமிலும் பில்லரிலும் தங்கிவிடும். அதைத் தேய்த்துக் கழுவி, முகமெல்லாம் நெருக்கமாகக் கொத்தி, சொரசொரப்பாக்கிய பிறகுதான் கலவை அடிக்க வேண்டும். கொத்துகிற வேலை தூசி, கைவலி, நேரம் தின்னும். பூசி முடித்தால் வெளியே தெரியவும் தெரியாது. அதனால்தான் முதலில் இதில் கை வைக்கிறார்கள்.

அன்று சாயங்காலமே கரண்டிப் பிடியால் வீடு முழுக்கத் தட்டிப் பார்த்தேன். நல்ல இடம் 'டொக் டொக்' என்கிறது, பிடிப்பு விட்ட இடம் பொத்தென்று காலி டப்பா மாதிரி கேட்கிறது. செங்கல் சுவரிலும் இரண்டு இடம் அப்படிக் கேட்டது. ஒன்றை உடைத்தோம். செங்கல் கட்டும்போதே, சாந்து இறுகுவதற்குள் இடுக்குகளைச் சுமார் 10 மில்லிமீட்டர் ஆழத்துக்குச் சுரண்டிவிட்டிருந்தால், பூச்சு உள்ளே போய்ப் பிடித்துக்கொள்ளும். உடைத்தெடுத்த துண்டின் பின்பக்கம் வரப்பு வரப்பாக இருக்கும். என் வீட்டுத் துண்டு சப்பாத்திக் கல் மாதிரி தட்டை.

அப்புறம் விரிசல். பில்லரும் செங்கல் சுவரும் சேருகிற இடத்தில், அடிக்கோல் வைத்துக் கோடு போட்டாற்போல் மேலிருந்து கீழ்வரை. இரண்டும் வெயிலுக்கும் ஈரத்துக்கும் ஒரே மாதிரி அசையாது. அதற்குத்தான் இரண்டு பக்கமும் 150 மில்லிமீட்டராவது ஏறும்படி கம்பி வலை அடிப்பது. கிளறிப் பார்த்ததில் வலை இருந்தது வாசல் பக்கம் மட்டும். அதாவது, என்னைக் கூப்பிட்டு 'பாருங்க சார்' என்று காட்டினாரே, அந்த இடத்தில்.

ஒப்பந்தக்காரருக்குப் போன் செய்தேன். முதலில் வெயில் என்றார். பிறகு 'கட்டடம் உட்காருது சார்' என்றார். கடைசியில், 'சிமெண்ட் கூடவே போட்டுத்தான் கலந்தேன்' என்று பெருமை வேறு. சிமெண்ட் அதிகமானால் பூச்சு இன்னும் சுருங்கி இன்னும் வெடிக்கும் என்பது எனக்கே இப்போதுதான் தெரியும். அவருக்குத் தெரியாமலா இருக்கும்!

என் தப்பும் உண்டு. மட்டம் பார்த்தேன், மூலை பார்த்தேன், வழவழப்பைத் தடவிப் பார்த்துப் பணம் கொடுத்தேன். பார்க்க வேண்டியது கலவை போடுவதற்கு முந்தைய நாள். பீமில் ஒரு கை தண்ணீர் தெளியுங்கள், முத்து முத்தாக உருண்டு ஓடினால் எண்ணெய் அப்படியே இருக்கிறது என்று அர்த்தம். கொத்தும் வலையும் எல்லா இடத்திலும் இருக்கிறதா என்று ஏணியில் ஏறிப் பாருங்கள், படம் எடுத்து வையுங்கள். வயர் பைப்புக்குச் சுவர் வெட்டுகிற வேலையும் அதற்குள் முடிந்திருக்க வேண்டும். செங்கல் சுவரை நன்றாக நனைத்து, மேல்ஈரம் இழுத்த பிறகு பூசச் சொல்லுங்கள். காய்ந்த செங்கல் கலவையின் தண்ணீரை உறிஞ்சிவிடும், சொட்டச் சொட்ட இருந்தாலும் பூச்சு பிடிக்காது. கொத்துவதற்கும் வலைக்கும் உரிய பணத்தை நீங்கள் பார்த்த பிறகு கொடுங்கள்.

இப்போது வேறு கொத்தனார் வந்திருக்கிறார். மூன்று நாளாகக் கரண்டியே எடுக்கவில்லை, சுத்தியலும் உளியும்தான். வீடெல்லாம் தூசி, வீட்டில் திட்டு வேறு. பழைய ஒப்பந்தக்காரர் 'அடுத்த வாரம் வந்து பார்க்கிறேன்' என்று சொல்லி ஐந்து வாரம் ஆகிறது. மர ரேகை பதிந்த அந்தத் துண்டைத் தூக்கிப் போடாமல் ஷெல்பில் வைத்திருக்கிறேன், வந்தால் காட்டலாம் என்று.