கடல் தெரியும் மூன்றாம் மாடி: இலங்கையின் திருமலை (திருகோணமலை) டவுனில் வாடகைக்கு இருந்து பார்த்தது

2022 மார்ச் தொடக்கத்தில் டச்சு பே கடற்கரைப் பக்கம் ஒரு தொடர்மாடியின் மூன்றாம் மாடிக்குக் குடிவந்தோம். நான், மனைவி, அம்மா. இரண்டு அறை, ஹோல், குசினி, ஒரு பல்கனி. வாடகை அப்போது 28,000 ரூபாய், ஆறு மாத அட்வான்ஸ், இப்போது 42,000. வீடு பார்க்கப் போன அன்று மாரி முடிந்து கடல் தகடு மாதிரிக் கிடந்தது, பல்கனிக் கதவைத் திறந்தவன் அதோடு வேறு எதையும் பார்க்கவில்லை. தண்ணீர் பைப்பைக்கூடத் திருகிப் பார்க்கவில்லை என்றால் பாருங்கள்.

நாட்டில் பொருளாதார நெருக்கடி முற்றி, அந்த மாதக் கடைசியிலேயே மின்வெட்டு 13 மணித்தியாலம் வரை போனது. கரண்ட் இல்லையென்றால் மோட்டர் ஓடாது, மோட்டர் ஓடாவிட்டால் மொட்டைமாடித் தாங்கிக்குத் தண்ணீர் ஏறாது. கந்தளாயிலிருந்து வரும் தண்ணீர் கீழே தொட்டியில் நிறைந்து கிடக்கும், நாங்கள் வாளியோடு படி இறங்குவோம். லிப்ட்டும் கிடையாது. காஸ் தட்டுப்பாடு வந்தபோது ஊரில் மற்றவர்கள் வளவில் மூன்று கல்லை வைத்து விறகு எரித்துச் சமாளித்தார்கள், எங்களுக்கு வளவு ஏது? பல்கனியில் ஒருநாள் மூட்டிப் பார்த்தோம், மேல்வீட்டு உடுப்பெல்லாம் புகை மணம் என்று சண்டை. அப்புறம் அம்மா உப்புவெளியில் சித்தி வீட்டிலேயே தங்கிச் சமைத்தார், பெட்ரோலும் இல்லாததால் நான் சைக்கிளில் சாப்பாடு கட்டிக்கொண்டு வந்தேன்.

சரி, அது நாட்டுக்கே வந்த கஷ்டம், வீட்டைக் குறை சொல்ல முடியாது. ஆனால் வாடைக் காற்று வருடா வருடம் வரும். கார்த்திகை, மார்கழியில் இங்கே மழை மேலிருந்து விழுவதைவிடக் கடல் பக்கமிருந்து குறுக்கே அடிப்பதுதான் அதிகம். பல்கனிக் கதவின் கீழ் இடுக்கால் தண்ணீர் ஹோலுக்குள் வரும், பழைய சாரம் இரண்டை முறுக்கி வைத்துத்தான் இன்றைக்கும் தடுக்கிறோம். இதைவிட மோசம் உப்பு. கதவுப் பிணைச்சல், காஸ் அடுப்பு, பிரிட்ஜின் பின்பக்கம் எல்லாம் துருப்பிடித்துவிட்டன. இரண்டாம் வருடமே ஏசியின் வெளி யூனிட் போய்விட்டது. திருத்த வந்த தம்பி, “கடலைப் பார்த்த மாதிரி வைச்சா இப்பிடித்தான் அண்ணா” என்று சிரித்தான்.

கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் நேர்மாறு. காற்று தரைப் பக்கமிருந்து வரும், எங்கள் யன்னல்களோ எல்லாம் கிழக்கே, பின்சுவர் அடுத்த வீட்டோடு ஒட்டு. பின்னேரம் கடற்காற்று எழும்பும்வரை உள்ளே அவியல்தான்.

இன்னொன்று, வீடு எடுக்க முதல் கட்டாயம் கேட்க வேண்டியது கரண்ட் மீட்டர். எங்கள் கட்டிடத்தில் ஆறு வீட்டுக்கும் ஒரே பிரதான மீட்டர், ஒவ்வொரு வீட்டுக்கும் உள்மீட்டர். நாங்கள் மாதம் 80 யூனிட்தான் எரிப்போம், ஆனால் ஆறு வீட்டுக் கணக்கும் சேர்ந்து 180 யூனிட்டைத் தாண்டி விலை கூடிய படிக்குப் போய்விடும், அந்த விலையில்தான் எங்களிடமும் வாங்குவார்கள். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வருடம் எடுத்தது. வீட்டுக்காரரிடம் தனி மீட்டர் கேட்டேன், “பார்ப்போம்” என்றார், இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

பிறகு ஏன் மாறவில்லை என்று கேட்பீர்கள். சந்தை, பஸ் நிலையம், கொழும்புக்கு இரவு ரயில் பிடிக்க ஸ்டேஷன், எல்லாம் கிட்ட. அம்மா விடியவே எழும்பிக் பிரெட்ரிக் கோட்டை வாசலால் கோணேசர் கோயிலுக்கு நடந்து போய் வருகிறார், வழியில் மான்கள் நிற்கும். (அதே மான்கள் இரவில் எங்கள் கேற்றடிக்கு வந்து குப்பைப் பையைக் கிழித்துப் பொலித்தீனையும் தின்னும், பார்க்கவே வயிறு பற்றும்.) சிவராத்திரிக்குப் பிறகு கோணேசர் நகர்வலம் வரும்போது ஆறு வீட்டுக்கும் சேர்த்துக் கீழே ஒரே நிறைகுடம், யார் வீட்டுக் குத்துவிளக்கு என்று ஒரு சின்ன இழுபறி நடக்கும்.

இப்போது இதே மாடியில் பின்பக்க வீடு காலியாகிறது. கடல் தெரியாது, வாடை அடிக்காது, வாடகையும் 6,000 குறைவு. நான் போவோம் என்கிறேன், மனைவி பல்கனியை விட்டு வரமாட்டேன் என்கிறாள்.