மசராட்டிக்கு எந்தத் தகடு?

திருநெல்வேலி டவுனில் ரத வீதியை ஒட்டிய ஒரு பாத்திரக் கடையில் 28 கேஜ் செப்புத் தகடு கேட்டேன். “குடத்துக்கு அடி மாற்றவா அண்ணாச்சி?” என்றார் கடைக்காரர். “கார் மூக்குக்கு” என்றேன். அவர் என்னைத் தாண்டி, வாசலில் கார் நிற்கிறதா என்று எட்டிப் பார்த்தார். அது நான் கையால் செய்யப்போகும் அரை மீட்டர் நீள மாதிரிக் கார், இன்னும் பிறக்கவே இல்லை என்று விளக்குவதற்குள் கடையில் இரண்டு பேர் கூடிவிட்டார்கள். “இதற்குப் போய்ச் செம்பா? எண்ணெய் டின்னை வெட்டிச் செய்யுங்கள். பெயின்ட் அடித்துவிட்டால் யாருக்குத் தெரியும்?” என்று தகட்டோடு அறிவுரையையும் நிறுத்துக் கொடுத்தார்.

அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. தகரத்தில்தான் நானும் தொடங்கினேன். பிறகு அலுமினியத்துக்குப் போனேன். மூன்றாவதாகத்தான் செம்புக்கும் பித்தளைக்கும் வந்தேன். ஒரே மூக்கை மூன்று உலோகத்தில் அடித்துப் பார்த்தவன் என்ற ஒரு தகுதியில்தான் இதை எழுதுகிறேன்.

நான் எடுத்துக்கொண்ட கார் மசராட்டி 250எஃப் என்ற இத்தாலியப் பந்தயக் கார். 1954 ஜனவரியில், தன் முதல் பந்தயமான அர்ஜென்டினா கிராண்ட் பிரியிலேயே, அந்நாட்டு ஓட்டுநர் ஃபாஞ்சியோவின் கையில் வென்ற கார். 1957 ஆகஸ்டில் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங்கில், 46 வயதில், இரண்டு ஃபெராரிகளைத் துரத்திப் பிடித்து அவர் தம் கடைசி கிராண்ட் பிரி வெற்றியைப் பெற்றதும் இதில்தான். ஆனால் என்னை இழுத்தது ஃபாஞ்சியோ இல்லை, காரின் மேனி. முட்டை வடிவ வாயில் தொடங்கி, என்ஜின் மேல் பருத்து, ஓட்டுநரின் இருக்கையைச் சுற்றி இடுப்புபோல் ஒடுங்கி, வாலில் மறுபடியும் திரண்டு முடிகிறது. முன்னிருந்து பின்வரை ஒரு நேர்கோடு கிடையாது. பார்ப்பவருக்கு அது அழகு, தகடு அடிப்பவனுக்குத் தலைவலி.

அளவைப் பற்றி அதிகம் யோசிக்கவில்லை. அசல் காரின் சக்கர இடைத்தூரம் ஏறத்தாழ 2,280 மி.மீ. அது 1:8இல், அதாவது அசலில் எட்டில் ஒரு பங்கில், 285; 1:12இல் 190. சிறியதில் மேசையும் மிச்சம், தகடும் மிச்சம். ஆனால் ஆறு சிலிண்டருக்கு இரண்டு வீதம் 12 ஸ்பார்க் பிளக், 12 வயர், மூன்று இரட்டைக் கார்புரேட்டர் என்று இந்த என்ஜினில் இருப்பதையெல்லாம் 1:12இல் செய்ய என் கண் இடம் கொடுக்காது. ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு 1:8தான்.

தடிமன் கணக்கையும் இங்கேயே முடித்துவிடலாம். அசல் மேனி ஒரு மில்லிமீட்டரைச் சற்றுத் தாண்டிய அலுமினியத் தகடு என்று வைத்துக்கொண்டால், எட்டில் ஒரு பங்கு சுமார் 0.15 மி.மீ. அஞ்சலட்டை அதைவிடத் தடிமன். அப்படி ஒரு தகட்டை அடித்தால் சுத்தியல் மறுபக்கம் வந்துவிடும். 28 கேஜ் 0.37 மி.மீ., 26 கேஜ் 0.45 மி.மீ.; இவற்றுக்குள் வேலையை வைத்துக்கொண்டு, வெளியே தெரியும் விளிம்புகளை மட்டும் அரத்தால் சீவி மெல்லியதாக்கிவிட்டால் போதும், பார்ப்பவர் கண் மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

தகரம்

எண்ணெய் டின்னும் பிஸ்கட் டின்னும் வெள்ளீயம் பூசிய இரும்புத் தகடுதான். காசு கிடையாது, சாதாரணக் கத்தரிக்கோலுக்கே வெட்டுப்படும், பூச்சு ஏற்கெனவே இருப்பதால் ஈயப்பற்று வழுக்கிக்கொண்டு ஓடிப் பிடிக்கும். பெட்ரோல் டாங்க், இருக்கையின் அடித்தட்டு, தீத்தடுப்புச் சுவர் போன்ற தட்டையான உறுப்புகளுக்கு இன்றைக்கும் நான் தகரத்தைத்தான் எடுப்பேன்.

மூக்கு என்று வரும்போதுதான் அது காலை வாரிவிடுகிறது. பனையோலையை நினைத்துக்கொள்ளுங்கள். ஓலையில் கொட்டான் முடையலாம், பெட்டி முடையலாம், ஆனால் ஒற்றை ஓலையைச் சிரட்டைபோல் குழிக்க முடியாது. ஒரு பக்கம் வளைத்தால் மறுபக்கம் விறைத்துக்கொள்ளும். தகரமும் அப்படித்தான். குழித்து அடித்தால் ஓரம் கொசுவம் வைக்கும், கொசுவத்தைத் தட்டினால் கிழியும். வழி, வாழைப்பூ மடல்போல் எட்டுத் துண்டாக வெட்டி ஒட்டுவதுதான். நான் ஒட்டினேன். ஈயத்தை வழித்து அரம் போட்டு மெருகேற்றியபின் தூரத்திலிருந்து நன்றாகத்தான் இருந்தது. பக்கத்தில் போய்ச் சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் எட்டு மடலும் எண்ணிக்கொள்ளும்படி தெரிந்தன. சிவப்புப் பெயின்ட் அதை மறைக்கவில்லை, இன்னும் எடுப்பாகக் காட்டியது.

அலுமினியம்

அசல் கார் அலுமினியம், ஆகவே மாதிரியும் அலுமினியமாக இருக்க வேண்டும் என்பது ஒரு வைராக்கியம். இந்த வேலையில் இறங்கும் பலருக்கும் அது இருக்கிறது, எனக்கும் இருந்தது. அந்தப் பிடிவாதத்துக்கு உரிய பலனும் கிடைத்தது.

சுத்தியலின் கீழ் அலுமினியம் தங்கம். வேப்பங்கட்டையில் மூக்கின் வடிவத்தைச் செதுக்கி, அதன்மேல் தகட்டை வைத்து மரச் சுத்தியலால் தட்டத் தட்ட, பூரி மாவு உள்ளங்கைக்குப் படிவதுபோல் படிந்தது. அடிபட்ட தகடு இறுகும். இறுகியதைச் சூடேற்றி இளக்கிவிட்டுத்தான் மறுபடி அடிக்க வேண்டும். அலுமினியத்தின் வம்பே அந்த இடத்தில்தான் இருக்கிறது. செம்பு சூடேறினால் சிவந்து காட்டும். அலுமினியம் 660 டிகிரியில் உருகும்வரை முகத்தில் எதையும் காட்டாது. துணி சோப்பைத் தகட்டில் தேய்த்துவிட்டு, அது கறுக்கும்வரை மட்டும் சூடு காட்டுவது பட்டறைகளில் உள்ள பழக்கம். மூன்று முறை அப்படித்தான் செய்தேன். நான்காம் முறை, பழகிவிட்டது என்ற மிதப்பில் சோப்பைத் தேடிப் போகவில்லை. ஊதுவிளக்கைக் காட்டிக்கொண்டே இருந்தேன். தகடு வெள்ளையாகவே இருந்தது. திடீரென்று வாயின் மேலுதடு மட்டும் தொய்ந்து, சொட்டாகி, செங்கல்லின்மேல் விழுந்தது. இரண்டு வார வேலை. அந்தச் சொட்டை இன்னும் வைத்திருக்கிறேன். காகிதம் பறக்காமல் இருக்க நல்ல கனம்.

சரி, உருக்காமல் செய்து முடித்தாலும் அடுத்த துண்டை எப்படிச் சேர்ப்பது? அலுமினியத்தின்மேல் எப்போதும் ஒரு ஆக்சைடு தோல் இருக்கிறது. சாதாரண ஈயப்பற்று அந்தத் தோலின்மேல் தாமரை இலைத் தண்ணீர்போல் உருளும். மிஞ்சுவது ரிவெட்டும் இரு கலவைப் பசையும்தான். மாடித் தகரக் கொட்டகையில் ஒரு சித்திரை மாதம் முழுக்கக் கிடந்தபின் என் பசை இணைப்பு ஒன்று விரலால் தள்ளினால் நகர்ந்தது. ஒட்டும் முன் நான் சரியாகச் சுரண்டவில்லை என்பதும் உண்மைதான். ஆனால் பசையில் செய்த தப்பைத் திருத்த வேண்டுமானால் முழுவதையும் பிய்க்க வேண்டும். அதுதான் எனக்குப் பிடிக்காதது.

செம்பும் பித்தளையும்

பாளையங்கோட்டையில் நகைப் பட்டறை வைத்திருக்கும் ஆசாரி ஒருவரிடம் உருகிய மூக்கைக் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் அதைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. “தம்பி, சிவக்காத உலோகத்தோடு ஏன் சேர்க்கை?” என்று கேட்டுவிட்டு, ஒரு செப்புத் துண்டைச் சாமணத்தில் பிடித்து ஊதினார். விளக்கை அணைக்கச் சொன்னார். இருட்டில், மங்கிய செங்கல் நிறம் வந்ததும் தண்ணீரில் போட்டார். எடுத்துக் கொடுத்தபோது விரலால் வளைக்க முடிந்தது, ஈரத் தோல்போல் இருந்தது.

அந்த ஒரு நிமிடத்தில் போட்டி முடிந்துவிட்டது என்றே சொல்வேன். என் செப்பு மூக்கை ஏழு முறை இளக்கினேன். ஒவ்வொரு முறையும் அது குழந்தைபோல் மீண்டும் மெத்தென்று வந்தது. அடி தவறிக் குழி விழுந்தால் பின்னாலிருந்து தட்டி எடுக்கலாம், கிழிந்தால் வெங்காரம் தடவி வெள்ளிப் பொடி வைத்து ஊதிவிடலாம். கனம்தான் குறை: ஒரே தடிமனில் செம்பு அலுமினியத்தைவிட மூன்று மடங்குக்கும் மேல். ஓடாத காருக்குக் கனம் ஒரு குறையா என்று கேட்டால், என்னைப் பொறுத்தவரை அது நிறை. கையில் தூக்குபவர்கள் முதலில் சொல்வது அதைத்தான்.

பித்தளை மேனிக்குச் சற்று முரடு. ஆனால் சட்டத்துக்கு அதை விட்டால் வேறு இல்லை. 250எஃபின் எலும்புக்கூடு முழுக்கக் குழாய்ச் சட்டம். பழைய டிரான்சிஸ்டர் ரேடியோவின் ஏரியல், பூச்சைச் சுரண்டினால் பெரும்பாலும் பித்தளைக் குழாய்தான். ஒன்றுக்குள் ஒன்றாக நான்கைந்து அளவு ஒரே பொருளில் கிடைக்கிறது. ஃபிரிட்ஜ் மெக்கானிக் வெட்டி எறியும் மெல்லிய செப்புக் குழாய் எண்ணெய்ப் பாதைக்கு ஆகிறது. சட்டத்தின் முக்கிய மூட்டுகளுக்கு 650 டிகிரிக்கு மேல் உருகும் வெள்ளிப் பொடி, பின்னால் சேர்க்கும் சிறு கொக்கிகளுக்கு 190 டிகிரியில் இளகும் ஈயப்பற்று. இந்த வரிசையை மாற்றினால், இரண்டாவது மூட்டை ஊதும்போது முதல் மூட்டு கழன்று மடியில் விழும். ஈயம் வைத்த இடத்தைக் காப்பாற்ற ஈரத் துணி சுற்றுவது இன்னொரு ஆசாரி வித்தை.

வெள்ளம் வைத்த பரீட்சை

இப்படி ஒப்பிட வேண்டும் என்று நான் திட்டமிடவில்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் கொட்டிய மழையில் தாமிரபரணி ஊருக்குள் வந்தபோது, சந்திப்புப் பக்கம் இருக்கும் எங்கள் வீட்டின் கீழ்த்தளத்தில் இடுப்பளவு தண்ணீர். மேசையின் கீழ்த்தட்டில் இருந்த மூன்று மூக்குகளும், சட்டமும், அதில் திருகி வைத்திருந்த அலுமினிய பானட் பக்கமும் சேற்றுக்குள் போயின. வடிந்தபின் முதலில் அரிசி மூட்டையும் பத்திரங்களும்தான்; காரை எடுத்துப் பார்க்க ஒன்பது நாளாயிற்று.

தகர மூக்கில் மேற்பரப்பு தப்பியிருந்தது. வெட்டிய விளிம்புகளில், அதாவது பூச்சு இல்லாத இடங்களில், துரு வரிவரியாக ஏறியிருந்தது. செம்பு கறுத்துக் கிடந்தது. புளியும் உப்பும் போட்டுத் தேய்த்ததும் வீட்டுக் குடம்போல் பளிச்சென்று திரும்பியது. (ஆதிச்சநல்லூர்த் தாழிகளோடு கிடைத்த வெண்கலம் மண்ணுக்குள் கிடந்த காலத்தோடு ஒப்பிட்டால் ஒன்பது நாள் ஒரு பொருட்டே இல்லை.) அலுமினிய மூக்கு தனியாகக் கிடந்ததால் சில வெண்புள்ளிகளோடு தப்பித்துக்கொண்டது. ஆனால் பித்தளைச் சட்டத்தோடு திருகியிருந்த பானட் பக்கத்தில், திருகைச் சுற்றி மாவு மாவாக வெள்ளைப் பொடி பூத்து, ஓட்டை பெரிதாகியிருந்தது. இரண்டு வேறு உலோகங்களும் நடுவில் ஈரமும் இருந்தால் அவற்றில் எளிதில் வினைபுரியும் உலோகம் அரிபடும் என்று பள்ளியில் படித்ததுதான். கண்ணால் பார்த்தது அன்றைக்கு.

அதற்காக அலுமினியத்தை ஒரேயடியாக ஒதுக்கிவிடவில்லை. பானட் பக்கங்களில் காற்று வெளியேற வரிசை வரிசையாகப் பிளவுகள் இருக்கின்றன. உளி முனையால் ஒரே அழுத்தில் அந்தச் செதில் எழும்ப வேண்டும். தகரத்தில் அது கிழிகிறது, செம்பில் ஓரம் மழுங்குகிறது, அலுமினியத்தில் மீன் செதில்போல் கூர்மையாக நிற்கிறது. அந்தத் தகடுகளை யாரும் பற்றவைக்க வேண்டியதில்லை, கழற்றி மாட்டுவதுதான். ஆகவே மூக்கும் வாலும் செம்பு, சட்டம் பித்தளை, பானட் அலுமினியம், திருகின் கீழ் மெல்லிய ரப்பர் வாசர். பாத்திரக் கடைக்காரரின் தகரம் பெட்ரோல் டாங்கில் இருக்கிறது.

ஆரக்கால்

கடைசியாகக் கம்பிச் சக்கரம். 16 அங்குல விளிம்பு 1:8இல் 51 மி.மீ. அம்பாசமுத்திரத்தில் சொப்புச் சாமான் கடையும் கடைசல்காரர் ஒருவர், வட்டையை வளைக்க மர அச்சு கடைந்து கொடுத்தார். இது எந்தச் சொப்புக்கு என்று அவரும் கேட்டார். ஆரக்காலுக்கு இரண்டு வகைக் கம்பி பார்த்தேன். மோட்டார் காயில் கட்டும் கடையில் கிடைக்கும் செப்புக் கம்பி மலிவு, ஈயமும் நன்றாகப் பிடிக்கும், ஆனால் துடைக்கும்போது துணி பட்டாலே வளைந்துவிடும். மேனியில் எந்தக் குணத்துக்காகச் செம்பைக் கொண்டாடினேனோ அதே குணம் இங்கே ஆகாது. கிட்டாரில் சுற்று இல்லாத மூன்றாம் தந்தி 0.43 மி.மீ. எஃகு, வெட்டினால் குறட்டின் பல் போகும், ஆனால் அம்புபோல் நிற்கும். வெள்ளீயப் பூச்சு உள்ள தந்தியாகப் பார்த்து வாங்கினால் ஈயமும் மறுப்பதில்லை. அசலில் இருப்பது இன்னும் அதிகம். நான் சக்கரத்துக்கு 48 ஆரக்காலோடு நிறுத்திக்கொண்டேன்.

சைக்கிள் கடைக்காரர் செய்வதுபோல் ஒவ்வொன்றையும் நகத்தால் தட்டிப் பார்க்கிறேன். மூன்று சக்கரங்கள் சன்னமாக, ஒரே மாதிரி ஒலிக்கின்றன. நான்காவதில் ஒன்று மட்டும் மந்தமாக இருக்கிறது. சக்கரத்தின் நடுக் குடத்துப் பக்கம் ஈயம் பிடிக்காமல் வெறுமனே உட்கார்ந்திருக்கிறது. பற்றவைக்கும் கோலைச் சூடேற வைத்திருக்கிறேன்.