போர்ட்ஃபோலியோ பேக்கேஜ்: கொட்டேஷனில் எந்த வரிக்குக் காசு கொடுக்கலாம், எந்த வரியை அடிக்க வேண்டும்

வடபழனி, சாலிகிராமம் பக்கத்து ஸ்டுடியோக்கள், நடிப்பு, மாடலிங் வாய்ப்புத் தேடும் புதுமுகங்களுக்கு விற்கும் போர்ட்ஃபோலியோ (வாய்ப்புக் கேட்கும்போது காட்டும் படத் தொகுப்பு) பேக்கேஜ் பெரும்பாலும் ஒரே அச்சில்தான் இருக்கும்: 3 லுக், 100 ரா, 15 எடிட், மேக்கப் உண்டு, ஆல்பம் இலவசம். படத்தின் தரத்தில் பெரிய குறை இருப்பதில்லை. நடிக்க ஆள் தேர்வு செய்யும் காஸ்டிங் ஆட்கள் கேட்பது ஒன்று, கொட்டேஷனில் இருப்பது வேறொன்று. அங்கேதான் காசு வீணாகிறது.

லுக் என்றால் ஆளே மாறித் தெரிய வேண்டும். முடி, தாடி, மேக்கப், உடை, பார்வை எல்லாம் சேர்ந்ததுதான் ஒரு லுக். பல இடங்களில் சட்டையை மாற்றினாலே ஒரு லுக் கணக்காகிவிடுகிறது. பையன்கள் முழுத் தாடியோடு ஆரம்பித்து, அடுத்து ட்ரிம், கடைசியில் கிளீன் ஷேவ் என்று வரிசை வைத்தால் ஒரே நாளில் மூன்று லுக் நிஜமாகவே கிடைக்கும். ஷேவ் செய்த தோலின் சிவப்பு தணிய அரை மணி நேரம் விடச் சொல்லுங்கள். ஆறும் முன்னே பவுடர் போட்டால் திட்டுத்திட்டாகத் தெரியும்.

‘100 ரா’ என்பது பெரும்பாலும் கேமராவின் ரா ஃபைல் (கேமரா பதிவு செய்த மூலத் தரவு) அல்ல, எடிட்டில் கை வைக்காத சாதாரண ஜேபெக் படம். அது போதும். ஆனால் அந்த நூறிலிருந்து 15 படத்தைப் பொறுக்குவது யார் என்பதை முன்பே பேசிவிடுங்கள்.

எடிட்தான் அதிகம் கெடுப்பது. மரு, தழும்பு எல்லாவற்றையும் அழித்து, நிறத்தையும் ஒரு படி ஏற்றிக் கொடுப்பார்கள். படத்தைப் பார்த்துக் கூப்பிட்டவர்கள் முன் வேறு முகமாகப் போய் நின்றால் அந்த ஆடிஷன் அங்கேயே முடிந்தது. இரண்டு வாரத்தில் மறையும் பருவை எடுக்கலாம். மறையாத மருவைத் தொடக் கூடாது. நிறத்தில் கை வைக்கவே கூடாது. இதை ஷூட்டுக்கு முன்பே எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

ஹெட்ஷாட்டுக்குத் தாராளமாகக் காசு கொடுக்கலாம். தோளுக்கு மேல் முகம், கண்ணில் ஃபோகஸ், முகத்தில் பாதியை இருட்டாக்காத வெளிச்சம். சிரிப்போடு ஒன்று, சிரிக்காமல் ஒன்று. 85 எம்.எம். லென்ஸில் முகத்தின் அளவுகள் சிதையாமல் வரும். 8க்கு 10 இன்ச் பிரின்ட்டுக்கு 2400க்கு 3000 பிக்சல் வேண்டும். அதற்குக் குறைந்த ஃபைலை வாங்காதீர்கள்.

விளம்பர மாடலிங்கில் ஹெட்ஷாட்டுக்கும் முன்னால் கேட்பது டிஜிட்டல்ஸ், பழைய பெயர் போலராய்டு. பல பேக்கேஜ்களில் இது இருப்பதே இல்லை. இதற்கு ஸ்டுடியோவும் தேவையில்லை. காலை ஜன்னல் வெளிச்சம், வெள்ளைச் சுவர், மேக்கப் இல்லாத முகம், பின்னால் கட்டிய முடி, எழுத்தில்லாத, உடம்போடு ஒட்டிய டி-ஷர்ட். நேர் முகம், இடப் பக்கம், வலப் பக்கம், முழு உருவம். எடுப்பவர் இரண்டு மீட்டர் தள்ளி நின்று போனின் 2எக்ஸ் ஜூமில் எடுக்கட்டும். போனை முகத்தருகே கொண்டுபோனால் மூக்கு பெரிதாகி, காது பின்னே போய்விடும். முழு உருவத்துக்குப் போன் இடுப்பு உயரத்தில் இருக்க வேண்டும். தலை உயரத்திலிருந்து சாய்த்து எடுத்தால் கால் குட்டையாகும். உயரத்தைச் செருப்பில்லாமல் அளந்து எழுதுங்கள்.

இன்ட்ரோ வீடியோவுக்குத் தனிக் கட்டணம் கேட்டால் வேண்டாம். போனைக் கிடைமட்டமாக வைத்து 1080பியில் எடுத்தாலே போதும்: பெயர், வயது, உயரம், ஊர், பேசும் மொழிகள், பிறகு இரு பக்க முகம், இரு கைகள். ஃபேனை நிறுத்திவிட்டு எடுங்கள், பேச்சு தெளிவாக இருக்கும். பின்னணி இசை வேண்டாம்.

‘காஸ்டிங் சப்போர்ட்’ என்ற வரிக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். பெரும்பாலும் உங்கள் படத்தை வாட்ஸ்அப் குழுக்களில் அனுப்புவதோடு அது முடிந்துவிடும். வாய்ப்பு வாங்கித் தரும் கோஆர்டினேட்டருக்குக் கமிஷன் உண்டு, ஆனால் வேலை முடிந்து வரும் சம்பளத்திலிருந்துதான். ஸ்டுடியோ அச்சடித்துத் தரும் ‘ஆர்ட்டிஸ்ட் கார்டு’ திரைத்துறைச் சங்கத்தின் உறுப்பினர் அட்டை ஆகாது. அதைச் சங்கம்தான் தர முடியும்.

ஆல்பத்துக்குப் பதில் விலையைக் குறைக்கச் சொல்லுங்கள். இன்று படம் கேட்பவர்கள் லிங்க்கில்தான் கேட்கிறார்கள். ஒரு லுக், ஆறு ஹெட்ஷாட், ஒரு முழு உருவம் என்ற சின்ன பேக்கேஜே ஆரம்பத்துக்குச் சரியான தேர்வு.

கையெழுத்துப் போடும் தாளில் உரிமை வரியைத் தேடிப் படியுங்கள். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, நீங்கள் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன போட்டோவுக்கு, மாற்று ஒப்பந்தம் இல்லாதவரை, முதல் உரிமையாளர் நீங்கள்தான். ‘எல்லா உரிமையும் ஸ்டுடியோவுக்கே’ என்ற ஒரு வரி அதை மாற்றிவிடும். நாளை நீங்கள் ஒரு நகைக்கடை விளம்பரத்தில் நடிக்கும்போது, இந்தப் படம் எதிர்க்கடையின் போஸ்டரில் இருந்தால் சிக்கல் உங்களுக்குத்தான். அந்த வரியை அடித்து, பக்கத்தில் இரு தரப்பும் கையெழுத்திடுங்கள். மீதிப் பணத்தை, முழு அளவு ஃபைல்கள் டிரைவ் லிங்க்கில் வந்து, நீங்கள் திறந்து பார்த்த பிறகு கொடுங்கள்.