கீழுதடு மரத்துப்போனதற்குப் பார்த்த நரம்பியல் கிளினிக்: 5-க்கு 4

கீழ் ஞானப்பல்லை எடுத்து வாரக்கணக்கில் ஆகியும் வலது பக்கக் கீழுதடும் முகவாயும் மரத்தே கிடந்தன. முதலில் போன இடத்தில் முகத்தைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் மூளைக்கு எம்.ஆர்.ஐ. எழுதிக் கொடுத்தார்கள். மூளையில் ஒன்றுமில்லை என்று வந்தது. சந்தோஷம்தான், ஆனால் உதடு மரத்ததற்குக் காரணம் அதில் இல்லையே!

இந்த மருத்துவர் ஸ்கேன் கவரைக் கடைசியில்தான் பிரித்தார். முதலில் நெற்றியைச் சுருக்கி, கண்ணை இறுக மூடி, பல்லைக் காட்டச் சொன்னார். முகத்தை அசைப்பது ஏழாவது நரம்பு. அது பழுதானால்தான் முகவாதம். என் விஷயம் தொடு உணர்ச்சி, அது ஐந்தாவது நரம்பு. நெற்றி, கன்னம், தாடை என்று அதற்கு மூன்று கிளைகள். பஞ்சாலும் ஊசிமுனையாலும் இரண்டு பக்கமும் மாற்றி மாற்றித் தொட்டார். கருவிழியைப் பஞ்சு இழையால் தீண்டி, இமைக்கிறேனா என்று பார்த்தார் (இதுதான் கொஞ்சம் கொடுமை). பல்லைக் கடிக்கச் சொல்லித் தாடைத் தசையை அழுத்தினார். நாக்கையும் விடவில்லை.

நாக்கில் உணர்ச்சி சரியாக இருந்தது, கடிக்கும் தசையிலும் குறையில்லை. அப்படியென்றால் தாடைக் கிளை முழுவதும் பாதிக்கப்படவில்லை; கீழ்த்தாடை எலும்புக்குள் ஓடி முகவாயில் வெளிவரும் நரம்பில் மட்டும்தான் அடி. பல் எடுப்பதற்கு முன் எடுத்த எக்ஸ்ரேயில் வேர் அந்த நரம்புக் குழாயை ஒட்டியே இருந்ததைக் காட்டினார்.

சர்க்கரை உண்டா, முகத்தில் அக்கி வந்ததா, காது மந்தமா, முன்பு எப்போதாவது ஒரு கண் மங்கியதா என்றும் கேட்டார். ஒவ்வொன்றும் எதற்கு என்று சொன்னதுதான் எனக்குப் பிடித்தது. பல் எடுத்த கதை இல்லாமல் முகவாய் மட்டும் மரத்திருந்தால் தாடை எலும்பில் கட்டி இருக்கிறதா என்று தேடியிருப்பாராம். திடீரென மரத்து, கூடவே பேச்சு குழறினாலோ கை தளர்ந்தாலோ தன்னிடம் வராமல் நேரே அவசரப் பிரிவுக்குப் போகச் சொன்னார்.

மரத்த இடத்தின் எல்லையைப் பேனாவால் வரைந்து போட்டோ எடுக்கச் சொன்னார், அடுத்த முறை ஒப்பிட்டுப் பார்க்க. குணமாக மாதக்கணக்கில் ஆகலாம். மரத்த இடம் சுருங்காவிட்டால் முகத்தாடை அறுவை நிபுணரிடம் அனுப்புவாராம்.

ஒரு நட்சத்திரம் குறைத்தது காத்திருப்புக்கு. நேரம் வாங்கிப் போயும் பாதி நாள் போனது. அப்புறம், சீட்டில் கையெழுத்து மருந்துக்கடைக்காரருக்கே புரியவில்லை. போகிறவர்கள் பழைய பல் எக்ஸ்ரேயைக் கையோடு கொண்டுபோங்கள்.