காரணம் தெரியாத சோர்வு: அரசு மருத்துவமனையா, தனியாரா?

முதல் கட்டப் பரிசோதனைகளில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை. முழு ரத்த எண்ணிக்கை, ஃபெரிட்டின் (உடலின் இரும்புச் சேமிப்பு), டிஎஸ்எச் (தைராய்டு), மூன்று மாத சராசரி சர்க்கரை, பி12, சிறுநீரகம், கல்லீரல். காசு கொடுத்தால் ரத்தம் வேறு கதை சொல்லிவிடாது.

அரசு மருத்துவமனையில் குறை, நேரம்தான். ஹீமோகுளோபின் சரியாக இருந்தால் பல சமயம் அனுப்பிவிடுவார்கள். ஆனால் ஃபெரிட்டின் 30-க்குக் (ng/mL) கீழே போனால் ரத்தசோகை வருமுன்பே சோர்வு வரலாம். அந்தப் பரிசோதனையைக் கேட்டு எழுதி வாங்குங்கள். உடலில் அழற்சி இருந்தால் ஃபெரிட்டின் பொய்யாக உயரும், அதனால் அழற்சியைக் காட்டும் சிஆர்பி பரிசோதனையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது.

தனியாரில் பொறி, 'முழு உடல் பேக்கேஜ்'. இயல்பு வரம்பு என்பது பெரும்பாலும் ஆரோக்கியமானவர்களில் 95 சதவீதத்தினரை வைத்துப் போடப்படுவது. ஒன்றையொன்று சாராத 20 பரிசோதனை செய்தால், நோயே இல்லாதவருக்கும் ஏதாவது ஒன்று வரம்பு தாண்ட 64 சதவீத வாய்ப்பு. அப்புறம் அதைத் துரத்தியே பணம் கரையும். (முடிக்காக பயோட்டின் மாத்திரை போடுபவர்கள் இரண்டு நாள் முன்பே நிறுத்துங்கள், எங்கே போனாலும் தைராய்டு முடிவைக் குழப்பும்.)

குறட்டையும் பகல் தூக்கமும் இருந்து, தூக்க ஆய்வுக்கு மாதக்கணக்கில் வரிசை என்றால் தனியார் செலவு நியாயம். எடை இறங்குவது, இரவு வியர்வை, மூச்சுவாங்கல், கறுப்பு மலம் இருந்தால் ஒப்பீடே வேண்டாம். எங்கே சீக்கிரம் பார்ப்பார்களோ அங்கே போங்கள்.