கிலோவா, மில்லியா: பிட்காயினும் கொலுசுப் பட்டறையும்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறைக்குக் கணக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்தேன். கூலி வேலைக்குப் போன வெள்ளி, நூறு நூறு கிராமாகப் பத்துக் கட்டாகத் திரும்பி வந்தது. தராசு ஒரு கிலோ காட்டியது. என் திரையோ ‘எடை குறைவு’ என்றது. கொண்டுவந்தவரின் முகம் சுண்டிப்போனது. தப்பு என்னுடையது. எடையைக் கிலோவில், மிதவைப் புள்ளி எண்ணாக, அதாவது கணினி பின்னங்களைத் தோராயமாக வைக்கும் முறையில், வைத்திருந்தேன். நமக்கு மூன்றில் ஒன்று எப்படியோ, இரண்டின் அடுக்குகளில் எண்ணும் கணினிக்குப் பத்தில் ஒன்று அப்படி: எழுதி முடியாத பின்னம். 0.1ஐப் பத்து முறை கூட்டினால் 0.9999999999999999 என்று நிற்கிறது.

மில்லிகிராமில் முழு எண்ணாக வைத்தால் 1,00,000 பத்து முறை, 10,00,000. பிசிறே இல்லை. நகைக்கடையில் ‘எட்டு கிராம் நானூறு மில்லி’ என்று புள்ளி வைக்காமல்தானே பேசுகிறார்கள்! மின்பணமான பிட்காயினும் அப்படித்தான். ஒரு பிட்காயின் என்பது வெளிப்பேச்சு. உள்ளே ஓடுவது 10 கோடி சடோஷி, அதாவது அதன் மிகச் சிறிய அலகு. என் பிழை ஒரு பட்டறையோடு போயிற்று. அங்கே ஆயிரக்கணக்கான கணினிகள் ஒரே பேரேட்டைத் தனித்தனியாகச் சரிபார்க்கின்றன. ஒரு சடோஷி இடித்தாலும் பேரேடு இரண்டாகப் பிளக்கும்.

எண்ணைப் பத்தின் அடுக்குகளிலேயே வைக்கும் தசம வகை என்று மூன்றாவது வழியும் உண்டு. ஒரே தரவுத்தளத்தில் ஓடும் பில் கணக்குக்கு அது போதும், நானே பயன்படுத்துகிறேன். எத்தனை இலக்கம், எப்படி முழுமையாக்குவது என்பதை ஊர் உலகமெல்லாம் ஒன்றுபோல் வைத்திருக்கச் சொன்னால்தான் சிக்கல்.

எவ்வளவு பொடியாக உடைப்பது? பிட்காயினின் மொத்த வரம்பான 2.1 கோடியைச் சடோஷியாக்கினாலும், கணினியின் வழக்கமான 64 பிட் (64 இரும இலக்க) எண்ணில் தாராளமாக அடங்கும். ஈத்தர் என்ற இன்னொரு மின்பணமோ ஒன்றுக்குப் பின் 18 சுழியம் போட்டு ‘வெய்’ ஆக்குகிறது. 64 பிட்டில் 18 ஈத்தர் சொச்சம்தான் கொள்ளும் என்பதால் 256 பிட் எண் வேண்டியிருக்கிறது. எனக்குப் பிட்காயினின் எட்டு இலக்கமே கச்சிதமாகப் படுகிறது.

முழு எண்ணுக்கு வகுத்தல்தான் தொல்லை. பேரேட்டில் புதிய தொகுதியை (பரிவர்த்தனைகளின் கட்டு) சேர்ப்பவருக்குக் கிடைக்கும் சுரங்கப் பரிசு 50 பிட்காயினில் தொடங்கி, 2,10,000 தொகுதிகளுக்கு ஒருமுறை பாதியாகிறது. பத்தாவது முறையில் அரைச் சடோஷி மிஞ்சும்; அதை வெட்டிவிடுவார்கள். இப்படி வெட்டுவதால் மொத்தம் 2.1 கோடியைத் தொடாமலே நிற்கும். பட்டறையில் 1,000 ரூபாய்க் கூலியை மூவருக்குப் பிரித்தால் தலைக்கு 33,333 பைசா போக ஒரு பைசா மீதி. அதைப் பட்டியலின் முதல் பெயரில் சேர்க்கிறேன். மற்ற இருவரும் இன்னும் கேட்கவில்லை.